கலோரி போட்டா கூடவே கிராமும் போடுங்க

ஆசிரியருக்கு வணக்கங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல எடை குறைக்கறத பத்தி ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க. ஓரத்துல கட்டம் கட்டி இட்லி ஒண்ணுக்கு இத்தன கலோரி, மசால் தோசைக்கு இத்தன, பூரி செட்டுக்கு இத்தன, அதுக்கு எதிர்ல இத எரிக்க எத்தன நிமிஷம் நடக்கணும் எத்தன நிமிஷம் சைக்கிள் மிதிக்கணும்னு ஒரு பட்டியல், அதுக்கும் கீழ ஒரு வரி, ஸ்மார்ட் வாட்ச் எவ்ளோ எரிச்சதா காட்டுதோ அவ்ளோ கூடுதலா சாப்டுக்கலாம்னு. எங்க பட்டறையில அந்த பக்கத்த வெட்டி சுவத்துல ஒட்டிட்டாங்க, பசங்க அத பாத்துதான் இப்ப போண்டா வாங்கறாங்க, அதனாலதான் இத எழுதறேன்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில வெள்ளி கொலுசு பட்டறை வெச்சிருக்கேன். எங்க தொழில்ல எடைதான் எல்லாம். வெள்ளிய கொடுக்கறப்ப ஒரு எடை, கொலுசா திரும்பி வர்றப்ப ஒரு எடை, நடுவுல கூட்டி பெருக்கற தூசியக்கூட சும்மா கொட்டறதில்ல. ஆனா வேலை பூரா உக்காந்த இடத்துலயே, காலைல உக்காந்தா மத்தியானம் சோத்துக்குதான் எந்திரிக்கறது, நாப்பது தாண்டிட்டா தொப்பையும் சுகர் மாத்திரையும் சேந்தே வந்துடுது. அதனால கலோரி கணக்கு எழுதறதுக்கு நான் எதிரி இல்லைங்க. ஒழுங்கா எழுதி குறைஞ்ச ஆளுங்க எங்க பட்டறையிலயே இருக்காங்க. நான் சொல்ல வர்றது இதுதான்: சாப்பிட்டத தராசுல வெச்சு எழுத முடியும், எரிச்சத எந்த தராசுலயும் வெக்க முடியாது, அது உத்தேசம். உத்தேசத்த நிச்சயத்துல இருந்து கழிச்சு மிச்சத்துக்கு சாப்டுன்னு சொன்னா எடை எப்படி குறையும்?

முதல்ல சாப்பாட்டு பக்கம். இட்லி ஒண்ணு இத்தன கலோரின்னா எந்த இட்லிங்க? எங்க வீட்டு தட்டுல ஊத்தற இட்லி 40 கிராம் சொச்சம் வருது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில வாங்கி வந்து வெச்சா 70 கிட்ட வந்துச்சு. பேரு ரெண்டும் இட்லிதான். கடையில நாலு சாப்ட்டவன் வீட்டு கணக்குல ஏழு சாப்ட்டிருக்கான், கலோரி கணக்கு எழுதற போன் ஆப்புல நாலுன்னு பதிஞ்சிருக்கான். சோறு இத விட மோசம். வேக வெக்காத அரிசி 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி, அதே அரிசி வெந்து தண்ணி குடிச்சு சோறா ஆனப்புறம் 100 கிராமுக்கு 130 தான். ஆப்புல ரைஸ் 100 கிராம்னு அடிச்சா ரெண்டும் மாத்தி மாத்தி வருது, எத தொட்டோம்னு பாக்காம விட்டா கணக்கு ரெண்டரை மடங்கு ஏறும் இல்ல இறங்கும், அப்பறம் எவ்ளோ கவனமா எழுதி என்ன.

இந்த கலோரிங்கறது ஒண்ணும் மாயமில்ல, ஒரு கிலோ தண்ணிய ஒரு டிகிரி சூடேத்தற அளவு. மாவுச்சத்து கிராமுக்கு 4, புரதம் கிராமுக்கு 4, கொழுப்பு கிராமுக்கு 9, சரக்கு அடிக்கறவங்களுக்கு ஆல்கஹால் கிராமுக்கு 7. அட்வாட்டர்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி நூறு வருஷத்துக்கு முன்னாடியே போட்டு வெச்ச கணக்கு, இன்னைக்கும் எல்லா பாக்கெட்லயும் அதுதான் ஓடுது. அந்த 9ஐ பாத்தீங்களா, அதுதான் எண்ணெய், அதுலதான் நம்ம வீட்டு கணக்கு எல்லாம் ஓட்டை. யாரும் தாளிச்ச எண்ணெய எழுதறதில்ல. தோசை ரெண்டுன்னு எழுதுவாங்க, சுத்தி ஊத்தின எண்ணெய் யார் கணக்குலயும் வராது. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி, அது கிட்டத்தட்ட ரெண்டு வீட்டு இட்லி.

எங்க வீட்ல இதுக்கு ஒரு வழி வெச்சிருக்கோம். ஒவ்வொரு கரண்டியா அளக்க பொம்பளைங்களுக்கு நேரம் கிடையாது, அடுப்புல கடுகு வெடிக்கறப்ப தராச தேடிட்டு நிக்க முடியுமா. அதனால மாசத்துக்கு எத்தன லிட்டர் எண்ணெய் தீருதுன்னு மட்டும் பாக்கறது. ஒரு லிட்டர் கிட்டத்தட்ட 910 கிராம், அப்படீன்னா 8,200 கலோரி. நாலு பேரு இருக்கற வீட்ல மாசம் நாலு லிட்டர் தீந்தா ஆளுக்கு ஒரு லிட்டர், முப்பது நாளைக்கு வகுத்தா ஆளுக்கு தெனம் 270 கலோரி எண்ணெய் மட்டுமே. பலகாரம் சுட்டு மீந்த எண்ணெய கழிச்சுக்கங்க, விருந்தாளி வந்தா கழிச்சுக்கங்க. இந்த ஒரு நம்பர் தெரிஞ்சா போதும், அடுத்த மாசம் மூணு லிட்டர்ல ஓட்டலாமான்னு வீட்ல பேச்சு வரும், எந்த ஆப்பும் இத சொல்லிக் குடுக்காது.

கூட்டு குழம்பு கணக்குதான் பெரிய தலைவலி. அஞ்சு பேருக்கு வெச்ச சாம்பார்ல என் பங்கு எவ்ளோ? சாமான எல்லாம் போடறப்பவே எடை எழுதிக்கிட்டு, வெந்தப்பறம் குண்டாவோட எடை போட்டு, வெறும் குண்டா எடைய கழிச்சா மொத்த சாம்பார் எவ்ளோன்னு வந்துடும், அப்பறம் என் கிண்ணத்துல இருக்கறது அதுல எத்தனாவது பங்குன்னு பாத்தா முடிஞ்சுது. ஆனா வெறும் குண்டா எடை யாருக்கு ஞாபகம் இருக்கும்? நாங்க என்ன பண்ணோம்னா, பாத்திரக்கடையில பேர் வெட்டி தர்றாரு இல்லைங்களா, அவர்கிட்ட பழைய குண்டா, குக்கர், இட்லி பானை எல்லாத்தையும் தூக்கிட்டு போயி, பேருக்கு கீழ எடையையும் வெட்டி வாங்கினோம். அவரு சிரிச்சாரு. இரும்பாலை இருக்கற ஊரு, வீடு பூரா எவர்சில்வர், ஒரு தடவ வெட்டினா ஆயுசுக்கும் இருக்கும். இப்ப என் மருமக குக்கர தூக்கி தராசுல வெச்சு மூடிக்கு அடியில பாத்து கழிச்சுட்டு போயிட்டே இருக்கா, ஒரு நிமிஷ வேலை.

எங்க தொழில்காரங்களுக்கு புரியற மாதிரி இன்னொண்ணும் சொல்றேன். நகை செய்யறப்ப சேதாரம்னு ஒண்ணு போகும் இல்லைங்களா, அது மாதிரி சாப்பாட்ட செரிக்கறதுக்கே உடம்பு கொஞ்சம் எடுத்துக்கும். புரதத்துக்கு சேதாரம் ஜாஸ்தி, 20ல இருந்து 30 சதம் வரைக்கும் செரிமானத்துக்கே போயிடும், மாவுச்சத்துக்கு 5ல இருந்து 10, கொழுப்புக்கு 3 சதத்துக்குள்ளதான். அதனாலதான் அதே கலோரிக்கு முட்டை, சுண்டல், பயறு சாப்ட்டவனுக்கு பசியும் தாங்குது, கணக்கும் கொஞ்சம் சாதகமா நிக்குது.

நம்ம ஊர் சாப்பாட்டுல எது பேய், எது பூச்சாண்டின்னே நிறைய பேருக்கு குழப்பம். மாம்பழ சீசன் வந்தா போதும், டயட்டுன்னு சொல்லி மல்கோவாவ பாத்து ஒதுங்கறாங்க. மாம்பழ சதை 100 கிராமுக்கு 50, 60 கலோரிதான், பெரிய பழத்துல பாதி சாப்ட்டாலும் ஒரு கை மிக்சர விட கம்மி. சுகர் இருக்கறவங்க கதை வேற, அவங்க டாக்டர கேக்கட்டும். இந்த பக்கம் ஜவ்வரிசிய பாத்தா விரதம், லைட்டு சாப்பாடு, வயித்துக்கு இதம்னு ரெண்டு தட்டு உள்ள போவுது. ஜவ்வரிசி விக்கற கூட்டுறவு சங்கம் சேகோசர்வ் இருக்கற ஊர்ல உக்காந்துட்டு ஜவ்வரிசிய குறை சொல்ல மாட்டேன், ஆனா அது மரவள்ளிக்கிழங்கு மாவு, முழுக்க மாவுச்சத்து, எடைக்கு எடை அரிசி கணக்குதான், அரிசியில இருக்கற கொஞ்சநஞ்ச புரதமும் அதுல இல்ல. உப்புமா பண்றப்ப மேல தூவற வேர்க்கடலைதான் அதுல இருக்கற சத்தே, அதுவும் 100 கிராமுக்கு 560 கலோரிக்கு மேல.

தட்டுவடை செட்ட விட்டுட்டு சேலத்துக்காரன் கலோரி பேச முடியுமா. சாயங்காலம் ஆனா தெருவுக்கு தெரு தள்ளுவண்டி, பீட்ரூட் கேரட் துருவல், வெங்காயம், ரெண்டு கலர் சட்னி, மேலயும் கீழயும் தட்டுவடை. ஒரு நாள் பார்சல் வாங்கிட்டு வந்து பிரிச்சு காயைத் தனியா தட்டுவடையத் தனியா எடை போட்டேன், வீட்ல எல்லாரும் திட்டினாங்க. தட்டுவடை மட்டும் 40 கிராமுக்கு கொஞ்சம் கூட. எண்ணெயில பொரிச்ச அந்த மாதிரி நொறுக்கு 100 கிராமுக்கு சுமார் 500 கலோரின்னு வெச்சா ஒரு பிளேட் 200 சொச்சம், காய் சும்மா கொஞ்சம். நான் நெனச்சத விட கம்மிதான். ரெண்டாவது பிளேட் சொல்லாம, மூணாவதா நொறுக்கல் சொல்லாம வர்றவனுக்கு அது பெரிய பாவம் கிடையாது.

காபியத்தான் யாரும் கண்டுக்கறதில்ல. ஏற்காட்டு காபிக்கொட்டையில போட்ட வெறும் டிகாக்ஷன் அஞ்சு கலோரி கூட தேறாது. பாலும் சர்க்கரையும்தான். ஆவின் நீல பாக்கெட்ல கொழுப்பு 3 சதம், ஆரஞ்சுல 6 சதம், 100 மில்லிக்கு முப்பது கலோரி வித்தியாசம் வரும், அதோட ரெண்டு ஸ்பூன் சர்க்கரை 40ன்னா ஒரு டம்ளர் காபி 100ல இருந்து 130. எங்க தொழில்ல ஒரு நாளைக்கு நாலு தடவ வரும், கஸ்டமர் வந்தா அஞ்சு. அஞ்சையும் டீ காபின்னு ஒரே தடவ எழுதறவங்கள பாத்திருக்கேன்.

இப்ப உங்க பட்டியலோட வலது பக்கத்துக்கு வர்றேன். எங்க பட்டறையில ஒரு பையன் இன்ஸ்டால்மென்ட்ல ஸ்மார்ட் வாட்ச் வாங்கினான். அரம் போடற வேலை அவனுக்கு, உக்காந்த எடத்துல கை முன்னாடியும் பின்னாடியும் போயிட்டே இருக்கும். மத்தியானத்துக்குள்ள வாட்ச் ஆறாயிரம் ஸ்டெப்னு வாழ்த்து சொல்லுது, பாத்ரூமுக்கு போனது தவிர ஆள் எந்திரிக்கவே இல்ல. அந்த ஆறாயிரத்த ஆப்பு கலோரியா மாத்தி இன்னும் இவ்ளோ சாப்டலாம்னு காட்டுது, அவனும் போண்டா வாங்கறான். அவன குத்தம் சொல்லி என்ன பண்றது, வாட்சும் சொல்லுது உங்க பேப்பரும் சொல்லுது.

இத நான் மட்டும் சொல்லல. 2017ல அமெரிக்காவுல ஸ்டான்போர்ட்ல ஏழு வகை கைக்கடிகாரத்த வெச்சு சோதிச்சாங்க. நாடித்துடிப்ப பெரும்பாலும் சரியா காட்டுது, ஆனா எரிச்ச கலோரியில உள்ளதுலயே நல்ல வாட்சுக்கே சராசரியா 27 சதம் தப்பு, மோசமானதுக்கு 93 சதம். 93 சதம் தப்பு காட்டற தராச நான் கடையில வெச்சிருந்தா என்ன பண்ணுவாங்க? அதுக்கும் முன்னாடி 1992ல ஒரு ஆராய்ச்சி, எவ்ளோ கம்மியா சாப்ட்டாலும் எடை குறைய மாட்டேங்குதுன்னு சொன்ன ஒரு பத்து பேர எடுத்து பாத்தப்ப, சாப்பிட்டத நெசத்த விட 47 சதம் கம்மியாவும், உடம்ப அசைச்சத 51 சதம் கூடுதலாவும் சொல்லியிருந்தாங்க. பொய் சொல்லணும்னு சொல்லல, மனுசனுக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கும். அந்த ஞாபகத்துக்கு மேல வாட்சோட தப்பையும் சேத்தா எங்க போயி நிக்கும் பாருங்க.

இன்னொரு இடத்துல இரட்டை கணக்கு விழுது, இத பத்தி எந்த பேப்பர்லயும் நான் படிச்சதில்ல. ஆப்ப இறக்கினதும் நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு கேக்கும், உக்காந்த வேலையா, நடமாட்டமா, கடின உழைப்பான்னு. ஐதராபாத்துல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல போட்ட கணக்குப்படி 65 கிலோ ஆம்பளைக்கு உக்காந்த வேலைன்னா 2,110 கலோரி, நடுத்தர உழைப்புன்னா 2,710. அந்த ஒரு பட்டன்லயே 600 கலோரி. காலைல ஒரு மணி நேரம் நடக்கறோமேன்னு எல்லாரும் நடுத்தரம்னு அமுக்கறாங்க. அமுக்கிட்டு அதே நடைய வாட்ச் வழியா திரும்பவும் ஏத்தறாங்க. ஒரே நடைக்கு ரெண்டு தடவ கூலி.

காந்தி ஸ்டேடியத்துல காலைல பாருங்க, நல்ல கூட்டம். 70 கிலோ ஆளு ஒரு மணி நேரம் மிதமான வேகத்துல நடந்தா 240 கலோரி மாதிரி போகும், ஆனா அதுல 70, வீட்ல சும்மா உக்காந்திருந்தாலும் போயிருக்கும். வாட்சுங்க நெறைய அதையும் சேத்துத்தான் காட்டுது. நடைக்குன்னு தனியா போனது 170. அப்படியே வெளிய வந்து நெய் மினுமினுக்கற பொங்கல், ஒரு வடை, ஒரு காபி. நடக்கறது வேண்டாம்னு சொல்லலைங்க, சுகருக்கு நல்லது, பிரஷருக்கு நல்லது, தூக்கம் வரும், நாலு பேர பாத்து பேசலாம், நடந்தே ஆகணும். அத வடைக்கு விலையா வெக்காதீங்கன்னுதான் சொல்றேன். அந்த பத்தாயிரம் ஸ்டெப் கூட டாக்டருங்க கண்டுபிடிச்சதில்ல, 1965ல ஜப்பான்ல ஒரு நடை அளக்கற மிஷின் விக்கறதுக்கு வெச்ச பேரு.

மலை ஏறினா நெசமாவே எரியும், அத ஒத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை விடிகாலைல அடிவாரத்துல இருந்து ஏற்காட்டுக்கு சைக்கிள் மிதிச்சுட்டு போற கோஷ்டி உண்டு, 20 கொண்டை ஊசி வளைவு, ஆயிரம் மீட்டர் கிட்ட ஏத்தம். 70 கிலோ உடம்ப ஆயிரம் மீட்டர் தூக்கறதுக்கே 165 கலோரி வேலை, நம்ம தசை நாலு பங்கு சக்திய எடுத்தா ஒரு பங்கதான் வேலையா மாத்தும் மீதி வேர்வையும் சூடுமா போயிடும், ஆக 650க்கு மேல செலவு, சைக்கிள் வெயிட்டு தனி. இங்கயும் வாட்ச் சொதப்பும், ஹேண்டில் பார புடிச்ச கை ஆடறதில்ல, உயரம் பாக்கத் தெரியாத வாட்சுக்கு மலையும் ஒண்ணுதான் ஊருக்குள்ள சமதரையா இருக்கற அஞ்சு ரோடும் ஒண்ணுதான். அதே ரோட்டுல பைக்ல போறவன் குலுங்கற குலுக்கல்ல ஸ்டெப் ஏறும். மேல போனதும் ஏரிக்கரையில ரெண்டு பேருக்கும் ஒரே மிளகாய் பஜ்ஜிதான்.

சட்டம் கொஞ்சம் இருக்கு. பத்து இடத்துலயோ அதுக்கு மேலயோ கிளை வெச்சிருக்கற ஹோட்டலுங்க மெனுவுல கலோரி போடணும்னு உணவு பாதுகாப்பு ஆணையத்தோட 2020 விதி, 2022ல நடைமுறைக்கு வந்துச்சு. தள்ளுவண்டிக்காரர போர்டு மாட்டச் சொல்லி தொந்தரவு பண்ணக் கூடாது, அது சரிதான். ஆனா அந்த பெரிய கடைங்க போர்டுல கூடவே போடற, சராசரி ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,000 கலோரிங்கற வரி இருக்கே, அத பாத்துட்டு நம்ம வீட்டு பொம்பளைங்க தனக்கும் 2,000ன்னு எடுத்துக்கறாங்க. உக்காந்த வேலை செய்யற 55 கிலோ பொம்பளைக்கு அதே ஐதராபாத் கணக்குல 1,660 தான், எடை குறைக்கறதுன்னா அதுலயும் கம்மி. இதோட பிள்ளைங்க தட்டுல மீதி வெச்சத வீணாக்கக் கூடாதுன்னு வழிச்சு போட்டுக்கறாங்களே, அத எந்த ஆப்புல எழுதறது.

வாட்ச நம்பாம எரியறத எப்படித்தான் கண்டுபிடிக்கறதுன்னு கேப்பீங்க. உடம்பே சொல்லும், கொஞ்சம் பொறுக்கணும். தெனம் காலைல ஒரே நேரத்துல எடை பாத்து எழுதுங்க, ஒரு நாள் எடைய நம்பாதீங்க, உப்பு கூட போட்டாலோ நைட்டு லேட்டா சாப்ட்டாலோ ஒரு கிலோ சும்மா ஏறி நிக்கும், அது கொழுப்பில்ல தண்ணி. ஒரு வாரத்து சராசரிய அடுத்த வாரத்து சராசரியோட பாருங்க. ஒரு மாசம் தெனம் 1,800 சாப்ட்டு எடை அப்படியே நின்னா உங்க செலவும் 1,800 தான், வாட்ச் 2,600ன்னு சொன்னா அத கழட்டி வெச்சு மணி மட்டும் பாருங்க. வாரத்துக்கு அரை கிலோ குறைஞ்சுட்டே வந்தா, ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரிங்கற கணக்குல தெனம் 550 பள்ளம் விழுதுன்னு அர்த்தம். உங்க எழுத்துல இட்லி எடை கொஞ்சம் தப்பா இருந்தாலும் தெனமும் அதே தப்பு இருக்கறதால கணக்கு நிக்கும். எடை குறைய குறைய உடம்போட தேவையும் குறையும், அதனால ஒரு கட்டத்துல நின்னுடும், அப்ப பயப்படாம இன்னும் கொஞ்சம் சோத்த குறைக்கணும், இல்ல அந்த எடையே போதும்னு விட்டுடணும்.

இன்சுலின் போடறவங்க, சில வகை சுகர் மாத்திரை எடுக்கறவங்க டாக்டர கேக்காம சாப்பாட்ட குறைச்சா சுகர் இறங்கி மயக்கமே வந்துடும், உங்க பக்கத்துல இத ஒரு வரி போட்டிருக்கணும். வளர்ற பொண்ணுங்க கையிலயும் இந்த ஆப்ப குடுக்காதீங்க.

உங்ககிட்ட கேக்கறது பெருசா ஒண்ணுமில்லைங்க. அந்த எரிக்கற பட்டியல இனிமே போடாதீங்க. சாப்பாட்டு பட்டியல் போடறப்ப ஒண்ணு, செட்டு, பிளேட்டுன்னு போடாம கிராம் போடுங்க, அரிசியா சோறான்னு போடுங்க, எண்ணெய தனி வரியா போடுங்க. அந்த ஐதராபாத் நிறுவனமே 2017ல 528 வகை உணவுப்பொருளுக்கு அட்டவணை வெளியிட்டிருக்கு, அது அமெரிக்க ஆப்ப விட நமக்கு நெருக்கம், ஆனா அதுல இருக்கறது கம்பு, ராகி, துவரம்பருப்புன்னு சாமான் கணக்கு, நம்ம தட்டுல வர்றது களி உருண்டையும் கொள்ளு ரசமும். நடுவுல இருக்கற வேலைய ஒரு பேப்பர் செய்யலாம், ஒவ்வொரு ஊர் பதிப்புலயும் அந்தந்த ஊர் பலகாரத்த வாரம் ஒண்ணு தராசுல வெச்சு போட்டோ போட்டு எழுதினா செலவு அதிகமில்ல. சேலத்துக்கு தட்டுவடை செட்ல ஆரம்பிங்க, தட்டுவடைய தனியா காய தனியா எடை போடச் சொல்லுங்க.

இப்படிக்கு,
கொலுசு பட்டறைக்காரர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.